பெயர் கூப்பிடும் நேரம்

நுசாமேத் தீவு
ஆகஸ்ட் 4

அன்புத் தம்பி பெனோனிக்கு,

நானும் ஊரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் கல்வி அலுவலகம் அனுப்பிய பெட்டி சேமியின் படகில் நனையாமல் வந்து சேர்ந்தது. இருபத்துநான்கு டேப்லெட். நான் நடத்தும் நாலு, ஐந்து, ஆறாம் வகுப்பு மூன்றையும் சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள்தான் என்று வருஷத்துக்கு நாலு படிவத்தில் எழுதி அனுப்புகிறேன். அந்தப் படிவங்களை யார் படிக்கிறார்கள்? நீதானே?

தலைமை ஆசிரியர் கரேல் சார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து அரை மணி நேரம் பேசினார். புதிய யுகம் என்றார். பிறகு பொத்தானை அழுத்தினார். யுகம் பிறக்கவில்லை, சார்ஜ் இல்லை. நம் ஊர் ஜெனரேட்டர் மாலை ஆறு மணிக்கு இருமிக்கொண்டு எழுந்து ஒன்பதுக்குப் படுத்துவிடும் என்று உனக்குத் தெரியாதா? நீ இங்கே பிறந்தவனா, இல்லை உன் அலுவலக நாற்காலியில் பிறந்தவனா?

எப்படியோ மூன்றுக்கு உயிர் கொடுத்தேன். உள்ளே ஜகார்த்தாக்காரி ஒருத்தி கணக்கு நடத்துகிறாள். காலை ஏழு மணிக்கு ஒரு ரயில் புறப்படுகிறதாம். ஆறாம் வகுப்பு மர்சேலா எழுந்து நின்றாள்.

“டீச்சர், ரயிலு எந்தத் துறையில வந்து கட்டும்?”

“ரயில் கடல்ல ஓடாதுடி.”

“அப்ப மழையில என்ன பண்ணும்?”

அன்றைக்குக் கணக்கு அவ்வளவுதான். கடைசியில் ரயிலை அணைத்துவிட்டு சேமியின் படகை ஏழு மணிக்குப் புறப்பட வைத்தேன். பத்தொன்பது பேருக்கும் விடை வந்தது.

எனக்கு எதற்கு இது? நான் வாய்ப்பாடு சொன்னால் துறையில் வலை பின்னுகிறவர்களும் கூடவே சொல்கிறார்கள். மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்து ஒரே வாயால் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா?

முதுகுக்குத் தேங்காயெண்ணெயில் கிராம்பு போட்டுக் காய்ச்சித் தேய்.

உன் அக்கா
யோசினா

*

மசோலி நகரம்
ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

கிராம்பு எண்ணெய் தேய்த்தேன். இப்போது முதுகும் வலிக்கிறது, அலுவலகமே கறிக்குழம்பு மாதிரியும் மணக்கிறது. மற்றபடி நலம்.

பெட்டியைத் திருப்பி அனுப்பாதே. அனுப்பினால் பள்ளியையும் மடித்து அதிலேயே வைத்து அனுப்ப வேண்டியிருக்கும். புதிய உத்தரவைக் கரேல் சார் உன்னிடம் காட்டினாரா, இல்லை மடித்து ஜன்னலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டாரா? நாற்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளை எல்லாம் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள். உங்கள் பள்ளியில் முப்பத்தெட்டு. பிழைக்க வழி ஒன்றுதான். பாடம் நடத்தத் தகுதியோடு இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். டேப்லெட்டுகள் பயன்பட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பிள்ளைகள் லாவுத்தா தீவுக்குப் படகேற வேண்டியதுதான். மேற்குக் காற்றுக் காலத்தில் அந்தக் கடலில் ஒன்பது வயதுப் பிள்ளையை அனுப்ப நம் ஊரில் எவள் சம்மதிப்பாள்? படிப்பே நின்றுபோகும்.

ஒவ்வொரு டேப்லெட்டும் தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தானே குறித்துக்கொள்ளும். அந்தக் கணக்கை நினைவு அட்டையில் எடுத்து மாதம் ஒருமுறை சேமியிடம் கொடுத்தனுப்பு. எங்கள் தலைவர் ஹெர்மனுஸ் ஐயா சொல்வது இதுதான்: “மனுஷன் பொய் சொல்லுவான் பெனோனி, மெஷின் சொல்லாது.” பட்டியல் போடுகிறவன் நான். நம் அக்கா பள்ளி என்று ஒரு மணி நேரம்கூடச் சேர்த்து எழுத மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு எழுதுவதற்குள் கை வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் சிக்னல் மேட்டுக்கு ஏறு, கூப்பிடுகிறேன். நீ பேசினால் போன் இல்லாமலே இங்கே கேட்கும் என்பது வேறு விஷயம்.

தம்பி
பெனோனி

*

நுசாமேத்
செப்டம்பர் 16

தம்பி,

இங்கே சுகக்குறைவு எதுவும் இல்லை. தொண்டை மட்டும் கொஞ்சம் கட்டியிருக்கிறது. இஞ்சி போட்டுக் குடிக்கிறேன்.

சார்ஜ் பிரச்சினை தீர்ந்தது. சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டிக்குச் சூரியத் தகடு போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதில் ஒரு வயரை இழுத்தோம். நர்ஸ் அகுஸ்தினா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “மொதல்ல என் ஊசி, அப்புறம்தான் உங்க பொட்டி. ஊசி கெட்டுச்சுன்னா உங்க பிள்ளைங்களுக்குத்தான் போடுவேன்” என்றாள்.

ஜகார்த்தாக்காரியை ஓரமாக உட்கார வைத்துவிட்டு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளைகள் ஒரு பத்தியைப் படித்துப் பதிவு செய்கிறார்கள். பிறகு தாங்களே கேட்கிறார்கள். மர்சேலா மூச்சு விடாமல் படிக்கிறவள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? தன் பதிவைக் கேட்டுவிட்டு, “யாரு டீச்சர் இது, நாய் தொரத்துற மாதிரி ஓடுறா?” என்றாள். “நீதான்டி” என்றேன். முகம் விழுந்துவிட்டது. யாரும் சொல்லாமல் பதினொரு முறை திருப்பிப் படித்தாள். நான் இரண்டு வருஷமாகத் ‘தம் பிடி, நிறுத்து’ என்று கத்தியதை அந்தப் பெட்டி ஒரு காலைப்பொழுதில் செய்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

தபித்தா திக்குவாள். எல்லார் முன்னாலும் வாயே திறக்க மாட்டாள். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படித்துவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளை இவ்வளவு அழகாகப் படிப்பாள் என்று எனக்குத் தெரியாது பெனோ.

ஒரு சந்தேகம். ஒரு பதிவு எத்தனை நிமிஷம் போகும்? ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகத் தேதி போட்டு வைக்க முடியுமா? சத்தத்தைக் கூட்ட ஏதாவது இருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

யோசினா

*

மசோலி
அக்டோபர் 12

அக்கா,

முதுகு அடங்கியிருக்கிறது, தலைவர் அடங்கவில்லை. உன் தொண்டை சரியாயிற்றா?

உன் யோசனையை ஒரு சுற்றறிக்கையாக்கி எல்லாத் தீவுகளுக்கும் அனுப்பிவிட்டேன். ‘நுசாமேத் முறை’ என்று பெயரும் வைத்தாயிற்று. கோபித்துக்கொள்ளாதே. ஆசிரியர்கள் பதில் எழுதிக் குவிக்கிறார்கள். லாவுத்தா டீச்சர் கிராம்பு காயவைக்கும் முற்றத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பதிவு செய்கிறாராம், கோழிச் சத்தம் அதிகம் என்று வருத்தம். இன்னொரு சார் வகுப்பில் விசிலடிப்பது யார் என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்தியிருக்கிறார். அவருடைய பையன்தான் என்று தெரிந்ததும் பதிவை அழித்துவிட்டாராம்.

பதிவு எவ்வளவு நீளமாகவும் போகும். கோப்புக்குத் தேதியைப் பெயராக வை, வரிசையாக நிற்கும். இத்துடன் ஒரு ஒலிபெருக்கி வைத்திருக்கிறேன், உள்ளங்கை அளவுதான், கத்து கத்தென்று கத்தும். உனக்கு எதற்கு அது என்றுதான் புரியவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. மூன்று ஞாயிறு கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுத்துவிட்டு ஒன்றும் பேசுவதில்லை. பிறகு ‘கேட்கவில்லை, கடிதம் எழுது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. எனக்கு இந்தப் பக்கம் காற்றுச் சத்தமே கேட்கிறது, உன் சத்தம் மட்டும் கேட்காதா? போன வாரம் நீ அம்போன் நகரத்துக்குப் போய் மூன்று நாள் தங்கினாய் என்று சேமி சொன்னான். என்ன வேலை?

தம்பி

*

நுசாமேத்
நவம்பர் 10

தம்பிக்கு,

சுகம். அம்போனுக்குக் கண்ணாடி மாற்றப் போனேன். சேமிக்குப் படகு ஓட்டத் தெரிகிற அளவுக்கு வாயை நிறுத்தத் தெரியாது.

போன் விஷயம் மேட்டின் கோளாறு. அதை விடு.

ஒலிபெருக்கி அருமை. இப்போது பாடத்தை முன்கூட்டியே பதிவு செய்து வைக்கிறேன். மூன்று வகுப்புக்கு வாய் ஒன்றுதானே? ஐந்தாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் எழுதும்போது நாலாம் வகுப்பு ஒரு மூலையில் என் பதிவைக் கேட்கும், ஆறாம் வகுப்பு இன்னொரு மூலையில். முதல் நாள் பிள்ளைகள் டேப்லெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். எந்த டீச்சருக்குக் கை தூக்குவது என்று சண்டை. இப்போது பழகிவிட்டது. உன் சுற்றறிக்கையில் இதையும் சேர்த்துக்கொள். ரயில் இல்லாமல், பனி பெய்யாமல், நம் ஊர்ப் படகும் நம் ஊர் மீனும் வைத்து ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்தைத் தானே பேசி வைக்கலாம்.

காலையில் பிள்ளைகளைக் கூப்பிட மணிக்குப் பதில் சங்கு ஊதச் சொல்லியிருக்கிறேன். மர்சேலா ஊதுகிறாள். ஊரே எழுந்துகொள்கிறது.

ஒரு நாளைக்கு ஆறு பாடம் பதிவு செய்கிறேன். ஜூன் வரைக்குமான பாடங்களை முடித்துவிட வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்காதே. உன் மெஷினுக்கு மணிக்கணக்கு வேண்டுமல்லவா? கொடுக்கிறேன்.

நீ இந்தக் கிறிஸ்துமஸுக்காவது ஊருக்கு வருவாயா? வராவிட்டாலும் பரவாயில்லை. கடல் மோசமாக இருக்கும்.

யோசினா

*

மசோலி
ஜனவரி 9

அக்கா,

காற்று அடங்கி இன்றுதான் சேமி வந்தான். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு மாதமாயிற்று. நலமாக இருக்கிறாயா, அதையாவது எழுது.

கிறிஸ்துமஸ் எப்படி நடந்தது என்று கேட்டேன். “நல்லா நடந்துச்சு சார், அக்காதான் பாடல” என்றான். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டான். மேற்கொண்டு கேட்டால், “எனக்குத் தெரியாது சார், நான் வெளிய நின்னேன்” என்கிறான். அவன் இரண்டாம் வரிசையில் தாழ்குரல் பாடுகிறவன். வெளியே ஏன் நின்றான்?

நம் ஊரில் பாடகர் குழுவிலிருந்து விலகி நிற்பது எதற்காக என்று எனக்குத் தெரியாதா? ஒருவரோடு மனஸ்தாபம் என்றால், அது தீரும்வரை பாட நிற்கக் கூடாது. அப்பா சித்தப்பாவோடு பேசாமல் இருந்த ஒன்றரை வருஷமும் கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீயும் நானும் பார்த்தோம். ஊரில் உனக்கு எதிரி யாரும் இல்லை. அப்படியென்றால் என்னோடுதானே சண்டை? நான் இரண்டு கிறிஸ்துமஸாக வராதது காரணமா? உன் யோசனையை உன்னைக் கேட்காமல் ஊர் ஊராக அனுப்பியதா? எதுவானாலும் நேராகத் திட்டு. திட்டுவதில் உனக்கு என்றைக்குக் கூச்சம் இருந்தது? கோயிலில் வாயை மூடிக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு செய்தி. மார்ச் முதல் வாரம் இங்கே ஆசிரியர் கூட்டம். முப்பது தீவுகளிலிருந்து வருகிறார்கள். நுசாமேத் முறையைப் பற்றி நீ இருபது நிமிஷம் பேச வேண்டும். ஹெர்மனுஸ் ஐயாவே உன் பெயரை எழுதிவிட்டார். உனக்கு மைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பெனோனி

*

நுசாமேத்
பிப்ரவரி 14

தம்பி,

நன்றாக இருக்கிறேன். யாரோடும் எனக்குச் சண்டை இல்லை. உன்னோடு நிச்சயமாக இல்லை.

கூட்டத்துக்கு நான் வரவில்லை. வகுப்பை விட முடியாது. கரேல் சாரை அனுப்புகிறேன், அவர் அரை மணி நேரமே பேசுவார்.

ஜனவரி மாத அட்டையைச் சேமியிடம் கொடுத்திருக்கிறேன்.

யோசினா

*

மசோலி
பிப்ரவரி 27

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனம் இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

மூன்று பக்கம் எழுதுகிறவள் எட்டு வரி எழுதியிருக்கிறாய். போகட்டும். உன் அட்டையைப் போட்டுப் பார்த்தோம். ஒரு டேப்லெட் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடியிருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, பத்தொன்பதும். பள்ளிக்கூடமே ஐந்து மணி நேரம்தான். மற்ற பள்ளிகளில் வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கே மூச்சு வாங்குகிறது. ஹெர்மனுஸ் ஐயா காகிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

“என்ன பெனோனி, உங்க அக்கா பாடம் நடத்துறாங்களா, இல்ல படம் ஓட்டுறாங்களா? கூட்டத்துக்கும் வர மாட்டேங்கிறாங்க. சும்மா ஆன் பண்ணி வச்சுட்டு கிராம்பு பொறுக்கப் போயிடுறாங்களோ?”

“மெஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“மெஷின் சொல்லாது. மெஷினை வச்சு மனுஷன் சொல்லுவான்.”

போன ஆகஸ்டில் குறைவாக ஓடினால் குற்றம். இப்போது அதிகமாக ஓடினாலும் குற்றம். இந்த அலுவலகத்தில் நான் தலையை எங்கே முட்டிக்கொள்வது? நீ வந்து இருபது நிமிஷம் பேசியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. கேட்டால் பதில் சொல்ல மாட்டாய், கூப்பிட்டால் வர மாட்டாய், போன் எடுத்தால் பேச மாட்டாய். நான் உனக்காக எத்தனை பேரிடம்தான் மல்லுக்கு நிற்பது?

சோதனைக்காக எல்லா டேப்லெட்டுகளையும் அடுத்த படகில் திருப்பி அனுப்ப உத்தரவு. இத்துடன் இருக்கிறது. கீழே இருப்பது என் கையெழுத்துதான். வேறு யாரையும் போட விடவில்லை.

பெனோனி

*

நுசாமேத்
மார்ச் 8

பெனோ,

இருபத்துநான்கும் சேமியிடம் இருக்கின்றன. அரிசிச் சாக்கில் சுற்றியிருக்கிறேன், தண்ணீர் படாமல் இறக்கச் சொல்.

உள்ளே இருக்கும் எதையும் அழிக்காதே. யாரையும் அழிக்க விடாதே. ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது.

வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை. முதுகைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மசோலி
மார்ச் 19

என் அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? இந்தக் கேள்வியை அக்டோபரிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நீ உண்மையைச் சொல்லவில்லை. நானும் பழக்கதோஷத்தில் கேட்டேனே தவிர, பதிலை உட்கார்ந்து படிக்கவில்லை. இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

நேற்றுக் காலை அலுவலகத்தில் முதல் டேப்லெட்டைத் திறந்தேன். படமும் இல்லை, விளையாட்டும் இல்லை. தேதி தேதியாக உன் பாடம், ஜூன் பதினான்கு வரை. ஒரு நாளைக்குக்கூட இடைவெளி இல்லை. ‘தினமும் காலை’ என்று தனியாக ஒரு கோப்பு இருந்தது. ஒலிபெருக்கியில் மாட்டி அழுத்தினேன்.

வருகைப் பதிவு. நீ பெயர் கூப்பிட்டாய். “அபியா.” கொஞ்சம் நிறுத்தினாய். “தபித்தா.” அவளுக்கு மட்டும் நீளமாக நிறுத்தினாய், அந்தப் பிள்ளைக்கு வார்த்தை வர நேரமாகும் அல்லவா? “ரெஃபோ. கால் கழுவிட்டு உள்ள வா, எத்தனை தடவ சொல்றது.” அறையில் பதினொரு பேர் இருந்தோம். டைப் அடிப்பது நின்றுவிட்டது. நீ ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் காத்திருந்தாய், பதில் சொல்ல அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை. பத்தொன்பது பெயர்.

பிறகு செப்டம்பரில் பதிவு செய்ததைக் கேட்டேன். துறைவரைக்கும் கேட்கிற உன் குரல். அக்டோபரில் கரகரத்தது. நவம்பர் கடைசியில் பேசியதைக் கேட்க என்னால் முடியவில்லை. ஒரு வாக்கியம், இருமல், தண்ணீர் குடிக்கிற சத்தம், மறுபடி அதே வாக்கியத்தை முதலிலிருந்து. டிசம்பருக்குப் பிறகு புதிதாக எதையும் பேசிப் பதியவில்லை.

சேமியைத் துறையில் பிடித்து உலுக்கினேன். அழுதுவிட்டான். அம்போனில் கண்ணாடி மாற்றவில்லை, தொண்டையில் கட்டியைப் பார்க்கத்தான் போனாயாம். டிசம்பரில் அறுத்துவிட்டார்களாம். இனிப் பேச்சு வராதாம். “ஊருக்கே தெரியும் சார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க. தம்பிக்குத் தெரிஞ்சா ஆபீஸ்ல எழுதிருவான், அவனுக்குப் பொய் எழுத வராதுன்னாங்க.”

உன்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை அக்கா. என்மேல் அதைவிட அதிகம். ‘பாடம் நடத்தத் தகுதியோடு இரண்டு ஆசிரியர்கள்’ என்று உனக்கு எழுதியவன் நான். ஒரு மணி நேரம்கூடச் சேர்த்து எழுத மாட்டேன் என்று பீற்றிக்கொண்டவனும் நான்தான். உன் அறுவைச் சிகிச்சைக்கு நீ தனியாகப் போக வேண்டியிருந்தது. பிறகு உனக்கு மிச்சமிருந்த குரலையும் கையெழுத்துப் போட்டுப் பறித்து வந்துவிட்டேன்.

சோதனை அறிக்கையை நான்தான் எழுத வேண்டும். எழுதத் தெரியாமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெர்மனுஸ் ஐயா பின்னால் வந்து நின்றார். அவரும் அந்தப் பெயர்களைக் கேட்டவர்தான்.

“என்னய்யா யோசனை?”

“டீச்சருக்குக் குரல் இல்ல சார். அதை எழுதணும்.”

அவர் படிவத்தை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். “இதுல குரல்னு ஒரு கட்டம் எங்க இருக்கு? பாடம் நடந்துச்சா? நடந்துச்சு. பிள்ளைங்க கேட்டாங்களா? கேட்டாங்க. இல்லாத கட்டத்தை நீ எதுக்குய்யா நிரப்புற?”

நானும் எழுதினேன். ‘பள்ளி நேரம் முழுவதும் பாடத்துக்குப் பயன்பட்டுள்ளது. முறைகேடு இல்லை.’ அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமைப் படகில் டேப்லெட்டுகளை நானே கொண்டுவருகிறேன். நீ பேச வேண்டாம். நான் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிரு.

பெனோ

*

நுசாமேத்
ஜூன் 24

அன்புத் தம்பி,

நலமாக இருக்கிறேன். இந்த முறை உண்மை. கட்டி திரும்ப வரவில்லை என்று போன வாரம் அம்போன் டாக்டர் பார்த்துச் சொன்னார். கிசுகிசுவென்று நாலு வார்த்தை வருகிறது, அதைக் கோழியைத் துரத்தக்கூடப் பயன்படுத்த முடியாது.

நீ மார்ச்சில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுததை ஊர் இன்னும் மறக்கவில்லை. “உங்க தம்பிக்குக் காய்ச்சலா டீச்சர்?” என்று ரெஃபோ கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். உன்னிடம் சொல்லாதது தப்புத்தான். நீ எழுதிவிடுவாய் என்று பயந்தேன் என்பது பாதிதான் உண்மை. நீ எழுதாமல் விட்டு, அது உன்னை அரித்துக்கொண்டே இருக்குமே என்றும் பயந்தேன்.

டேப்லெட் இல்லாத அந்த இரண்டு வாரம் நடந்ததை அப்போது உன்னிடம் சொல்லவில்லை. முதல் நாள் காலை வகுப்புக்கு வந்து வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மர்சேலா எழுந்து முன்னால் வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் குரலில் பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். எந்த இடத்தில் நிறுத்துவேன், எந்த இடத்தில் இழுப்பேன், எல்லாம் அப்படியே. தபித்தாவுக்கு நீளமாக நிறுத்தினாள். “ரெஃபோ, கால் கழுவிட்டு உள்ள வா” என்றதும் அவன் பழக்கத்தில் எழுந்து வெளியே ஓடினான். நான் இப்படித்தான் பேசுவேனா என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சிரித்தேன், அழுதேன், எல்லாம் சத்தமில்லாமல்.

ஈஸ்டருக்குப் பாடகர் குழுவில் என் இடத்திலேயே போய் நின்றேன். வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் அகுஸ்தினா எனக்கும் சேர்த்துக் கத்தினாள், சுருதி அவளிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

ஆறாம் வகுப்பு ஏழு பேரும் தேறிவிட்டார்கள். நேற்று உன் அலுவலகக் கடிதம் வந்தது, பள்ளி அடுத்த வருஷமும் நடக்கலாமாம். ஹெர்மனுஸ் ஐயாவுக்குச் சாகோ மாவுப் பணியாரம் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். வழியில் நீ தின்றுவிடாதே. நாலாவது சார்ஜர் எரிந்துபோயிற்று, ஒலிபெருக்கிக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கிறது, உன் யுகத்தை வந்து சரி செய்.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன், தட்டாதே. பழைய பாடங்கள் எல்லாம் இருக்கின்றன, அடுத்த வருஷமும் ஓட்டிக்கொள்வேன். ஆனால் ஜூலையில் கரேல் சாரின் மூன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புக்கு ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் பெயர் என் வருகைப் பதிவில் இல்லை. மர்சேலாவும் பெரிய பள்ளிக்குப் போகிறாள். மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு இவர்களைக் கூப்பிடாமல் விட்டால் அழுவார்கள். நம் இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை என்று அம்மா சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? நீ பதிவு செய்து அனுப்பு.

யூனிகே. ஓபேத். சலோமி. எல்கானா. நோவித்தா. ஃபெரி.

அலுவலகக் குரலில் கூப்பிடாதே, பயந்துவிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்து. பிள்ளைகள் பதில் சொல்ல நேரம் வேண்டும்.

உன் அக்கா
யோசினா